சொட்டு நின்ற காலை

நிறுத்திவிட்டார்கள். ரோஸ்லின் சிஸ்டர் வந்து குழாயில் இருக்கும் அந்தச் சின்னச் சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டினாள். "இனிமே இது வேண்டாம்மா. டாக்டர் சொல்லிட்டாங்க. உங்க உடம்பு தானா சமாளிக்குதான்னு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். கண்ணாடிக் குமிழுக்குள் ஒரு சொட்டு தொங்குகிறது. விழவில்லை. அதையே பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். அந்தச் சொட்டில்தான் நான் இருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் நிஜம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாப்பாட்டை நிறுத்தியதிலிருந்து இந்தக் குழாய் வழியாகச் சர்க்கரைத் தண்ணீர் எனக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. அதற்கு முன்னால் நாலு வருஷம் வாய் வழியாக இறங்கியது, நேரம் பார்த்து, அலாரம் வைத்து, வேண்டும் வேண்டாம் என்று கேட்காமல். கணையத்தின் வால் பக்கம் ஒரு கட்டி. அது சும்மா இருக்கிற கட்டி இல்லை, வேலை செய்கிற கட்டி. இன்சுலினைச் சுரந்து சுரந்து கொட்டுகிறது, என் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எல்லாம் வழித்துப்போட்டுவிடுகிறது. அதோடு விடாமல் கல்லீரலுக்குள் போய் விதை போட்டு, அந்த விதைகளும் அதே வேலையைச் செய்ய ஆரம்பித்துவிட்டன. இப்போது வயிற்றைத் திறந்து எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டார்கள். எடுத்தது போதுமா என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். சொட்டு நின்றுவிட்டது. நான் நிற்காமல் இருக்கிறேனா? இருக்கிறேன். இந்த நிமிஷம் இருக்கிறேன். கூரையில் ஏசி காற்று வரும் கட்டம் தெரிகிறது, அதில் ஒரு நூலாம்படை ஆடுவது தெரிகிறது, வயிற்றில் தையல் இழுக்கிறது, இடது பக்கம் ரப்பர் குழாய் உறுத்துகிறது. வலி தெரிகிறவரைக்கும் நான் இருக்கிறேன் என்றுதான் அர்த்தம்.

வரும்போது அது எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். முதலில் மேலுதட்டில் வியர்க்கும். அப்புறம் நனைந்த சிமெண்டு வாசனை, பக்கத்தில் சிமெண்டே இருக்காது. அப்புறம் சத்தமெல்லாம் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடும். அதற்கப்புறம் நடப்பது எனக்குத் தெரியாது, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு சொல்கிற வேலை எனக்கு. மாடியில் ஒரு சின்ன அறை, ஒரு மைக், ஒரு ஜன்னல். எந்த வண்டி எந்த இடத்தில் நிற்கிறது, எந்தக் குழந்தை யாரைத் தேடி அழுகிறது, யாருடைய பை டீக்கடையில் கிடக்கிறது, நடுநடுவே ஜவுளிக்கடை விளம்பரம். இருபது வருஷமாக அந்த ஊருக்கு என் குரல் தெரியும், முகம் தெரியாது. ஒரு நாள் மதியம் மதுரை வண்டியைச் சொல்லிக்கொண்டிருந்தேனாம். மதுரை, மதுரை, மதுரை என்று சொல்லிக்கொண்டே போய், குரலைத் தாழ்த்தி, "எல்லாரும் வீட்டுக்குப் போங்க. மழை வரப்போகுது. காயப்போட்ட துணியெல்லாம் எடுங்க. போங்க சீக்கிரம்" என்றேனாம். பஸ் ஸ்டாண்டே அண்ணாந்து வானத்தைப் பார்த்ததாம். பங்குனி வெயில். மாடிப்படியில் ஆட்கள் ஓடி வந்தபோது நான் மைக்கைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேனாம். அறந்தாங்கி வண்டிக்கு நின்ற ஒரு அம்மாள் அங்கேயே என் காலில் விழுந்து எனக்குத் திருநீறு பூசிவிட்டாள். யாரோ சோடா கொடுத்தார்கள். கலர் சோடா. அதில் இருந்த சர்க்கரையால்தான் நான் திரும்பி வந்தேன் என்று எனக்கும் தெரியாது, சோடா கொடுத்தவருக்கும் தெரியாது. சாமி மலையேறிவிட்டது என்று எல்லாரும் கலைந்து போனார்கள். இப்போது மேலுதட்டைத் தொட்டுப் பார்க்கிறேன். ஈரமா? ஈரம் மாதிரிதான் இருக்கிறது. இல்லை, ஆக்சிஜன் மூக்குக் குழாயின் ஆவி. இல்லை, வியர்வையா. உலர்ந்துதான் இருக்கிறது.

சாமி என்றார்கள், காற்று சேஷ்டை என்றார்கள், அப்புறம் ஒரு டாக்டர் வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார், இன்னொருவர் மனசு சரியில்லை என்று வேறு மாத்திரை கொடுத்தார். நானும் நம்பினேன். என் மனசு எனக்குத் தெரியாமல் போய்விடுகிறதே, அப்படியென்றால் அது கெட்டுப்போன மனசுதானே. வைரவனைக் கட்டிக்கொண்டு இருபத்தைந்து வருஷம் ஆகிறது. ஒரு சாயங்காலம் அவரைப் பார்த்து யார் நீ, வெளியே போ என்று கதவைச் சாத்தியிருக்கிறேன். அவர் மின்வாரியத்தில் வயர்மேன், கம்பத்தில் ஏறி நின்றுகொண்டு கீழே இருப்பவர்களோடு சிரித்துப் பேசுகிற ஆள், எதற்கும் பதறமாட்டார். அதற்குள் திருச்சியில் நோயின் பேரைக் கண்டுபிடித்திருந்தார்கள், என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் வந்து நின்று, "அம்மா, ஈ.பி.-லேருந்து வந்திருக்கேன். உங்க வீட்டுல வோல்டேஜ் கம்மியா இருக்கு. இந்தத் தண்ணியைக் குடிச்சாச் சரியாயிரும்" என்று டம்ளரை நீட்டினாராம். நான் மரியாதையாக வாங்கிக் குடித்துவிட்டு, "உக்காருங்க சார், எங்க வீட்டுக்காரரும் ஈ.பி.-தான்" என்றேனாம். இதைச் சொல்லும்போது சிரிப்பார். சிரித்துக்கொண்டே எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார். அந்த உக்காருங்க சார் என்று சொன்னது யார்? அங்கேதான் என் யோசனை எப்போதும் போய் முட்டும். அவள் மரியாதை தெரிந்தவள். புருஷன் வேலை என்னவென்று தெரிந்தவள். மழை வந்தால் ஊர்க்காரர்கள் துணி நனையுமே என்று கவலைப்படுகிறவள். அவள் நான் இல்லையென்றால் என் கவலை அவளுக்கு எப்படி வந்தது. அவள் நான்தான் என்றால் எனக்கு ஏன் எதுவும் ஞாபகமில்லை. திருச்சியில் அந்தப் பயிற்சி டாக்டர் பெண், முகத்தில் பரு கூட ஆறாத பெண், நான் ஏதேதோ பேசிக்கொண்டிருக்கும்போதே விரலில் குத்தி மெஷினில் வைத்துப் பார்த்தாள். முப்பத்தொன்று. மறுபடியும் குத்தினாள். முப்பத்தொன்று. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒரு வாக்கியத்தின் நடுவில் நான் வந்தேன். முதல் பாதியைப் பேசியது யாரோ, பின்பாதியைக் கேட்டது நான். என் வாயிலிருந்தே. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மனசுல ஒண்ணுமில்லம்மா, சர்க்கரை இல்ல, அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதான். ஒரு ஊசி நிறைய இனிப்புத் தண்ணீர், அதற்குள் என் ஊர், என் பேர், என் புருஷன், இருபது வருஷமாகச் சொன்ன அத்தனை பஸ்ஸும். பயப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கு அன்றைக்குப் பயத்தை மீறி வேறொன்று வந்தது, கோயில் கோபுரத்தை முதல்தரம் அண்ணாந்து பார்த்த குழந்தைக்கு வருமே அது. இவ்வளவு கொஞ்சத்திலா நான் இருக்கிறேன்.

வேலூர்ப் பக்கம் இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தபோது படம் எடுத்துக் காட்டினார்கள். சாம்பல் நிறத்தில் என் உடம்பு, அதில் கல்லீரல் பக்கம் ஒளிப் புள்ளிகள், கணையத்து வாலில் பெரிதாக ஒன்று. வைரவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊர் முழுக்க கரண்டு போயி சில வீட்ல மட்டும் ஜெனரேட்டர் ஓடுற மாதிரி இருக்கு சார்" என்றார். டாக்டர் இளஞ்செழியன் சிரித்தார். அவர்தான் அறுவைச் சிகிச்சை செய்கிறவர், ஒல்லியான மனிதர், பேசும்போது தன் விரல்களையே பார்ப்பார். சிரித்துவிட்டு, "இப்ப வெட்ட முடியாதும்மா. நிறைய இருக்கு. வெட்டினா மிச்சம் இருக்கிற கல்லீரல் போதாது" என்றார். நான் எழுந்துகொள்ளப் போனேன். "இப்பன்னுதான் சொன்னேன். உக்காருங்க. உங்களுக்காக ஒரு கூட்டம் போட்டுப் பேசப்போறோம்" என்றார். எனக்காகக் கூட்டம். படம் பார்க்கிறவர், மருந்து கொடுக்கிறவர், கதிர் மருந்து கொடுக்கிறவர், வெட்டுகிறவர், எல்லாரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, என்னைப் பார்த்தே இராதவர்கள் என் கல்லீரலைப் பற்றி வாதாடியிருக்கிறார்கள். ஒருவர் மாதா மாதம் ஊசி போதும் என்றாராம், ஒருவர் கத்திதான் என்றாராம். கடைசியில் ஒன்று மட்டும் போதாது, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று என்று முடிவு செய்தார்களாம். முதலில் மருந்தால் சுருக்குவது, அப்புறம் வெட்டுவது, வெட்ட முடியாததைச் சுடுவது, அதற்கும் தப்பியதை மறுபடி மருந்தால் பிடிப்பது. அந்த மேஜையில் டீ கொடுத்திருப்பார்களா, பிஸ்கட் இருந்திருக்குமா, யாராவது ஒருவர் என் பேரைச் சொல்லத் தெரியாமல் திணறியிருப்பாரா, உமயால், உமாயல். யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். உமையாள். லகரம் இல்லை, ளகரம்.

கதிர் மருந்தைக் கையில் ஏற்றியபோது என்னைத் தனி அறையில் வைத்தார்கள். ஈயத் தட்டி, தனிக் கக்கூஸ், வாசலில் மஞ்சள் நிறத்தில் ஒரு எச்சரிக்கைப் படம். அந்த மருந்துக்குக் கண் உண்டு என்று எனக்குத் தோன்றும். இத்தனை கோடி அணுக்கள் இருக்கிற உடம்பில் அந்தக் கட்டி அணுக்களின் மேல்தோலில் மட்டும் ஒரு கொக்கி நிறைய இருக்கிறதாம், மருந்து ரத்தத்தோடு சுற்றிச் சுற்றி வந்து அந்தக் கொக்கியில் மாட்டிக்கொள்கிறதாம், மாட்டிக்கொண்ட இடத்திலிருந்தே கதிர் வீசுகிறதாம், அதுவும் ஓரிரண்டு மில்லிமீட்டர் தூரத்துக்கு மட்டும். இதை ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறானே. எங்கேயோ ஒரு ஊரில், என்னைத் தெரியாமல், எனக்கு இந்த வியாதி வருவதற்கு முன்னாலேயே. மருந்து ஏறி முடிந்ததும் ஒருவர் கையில் கதிரை அளக்கிற பெட்டியோடு வந்து தூர நின்று நீட்டினார், பெட்டி கிரீச் கிரீச் என்று கத்தியது. நான்தான் அந்தச் சத்தம். என் உடம்பிலிருந்து ஏதோ கிளம்பி அறையைத் தாண்டிப் போகிறது. வைரவன் வாசலோடு நின்றார், உள்ளே வரக்கூடாது. "வலிக்குதா?" என்றார். "இல்ல." "சுடுதா?" "இல்லங்க." "பின்ன எதுதான் தெரியுது?" எதுவுமே தெரியவில்லை, அதுதான் அதிசயம். எனக்குள் ஒரு சண்டை நடக்கிறது, எனக்கு வாந்தி வருகிறாற்போல் இருக்கிறது, அவ்வளவுதான். இப்படி நாலு தரம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ரெண்டு மாசம். கடைசிப் படத்தில் பாதி ஜெனரேட்டர் அணைந்திருந்தது. டாக்டர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு, "இப்ப வெட்டலாம்" என்றார்.

இப்போது என்ன நேரம். யோசித்துக்கொண்டே இருக்கிறேன், இது நல்லது. இல்லை, நல்லதில்லை, யோசனை இப்படித் தாவித் தாவி ஓடுவதும் அதன் அறிகுறிதான், மழை வருது துணியை எடுங்க என்று சொன்னவளும் தாவித்தான் போயிருப்பாள். சோதித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் வைரவன் சோதிப்பார், "மதுரை வண்டி எந்த வழி, சொல்லு உமையா" என்பார். நான் தூக்கத்தில் கூடச் சொல்வேன். சொல்கிறேன். புதுக்கோட்டை, திருமயம். திருமயத்துக்கு அப்புறம். திருப்பத்தூர், மேலூர், மதுரை. இல்லை, திருமயத்துக்கும் திருப்பத்தூருக்கும் நடுவில் ஒரு ஊர். வண்டி நிற்கும். ரோட்டோரம் பெரிய பெரிய வீடுகள். நான் தினம் சொல்கிற பேர். திருமயம், அப்புறம். மறுபடி. புதுக்கோட்டை, திருமயம், அப்புறம். வாயில் வடிவம் இருக்கிறது, நீளமான பேர், பேர் இல்லை. போயிற்று. வந்துவிட்டது. எடுத்தது போதவில்லை. மிச்சம் வைத்தது வேலையைத் தொடங்கிவிட்டது, நாலு தரம் கதிர், வயிற்றைத் திறந்து அத்தனை மணி நேரம், அத்தனை பேர் உட்கார்ந்த மேஜை, எல்லாவற்றையும் தாண்டி அது வந்துவிட்டது. மேலுதடு. மேலுதடு ஈரம், இந்தத் தரம் நிஜமாக ஈரம். சத்தம் தூரப் போகிறதா, பக்கத்துக் கட்டிலில் இருக்கும் தாத்தாவின் மெஷின் சத்தம் முன்னைவிடத் தள்ளிக் கேட்கிறதா. கத்த வேண்டும், நான் போவதற்குள் கத்த வேண்டும், போய்விட்டால் கத்துகிறவள் வேறு ஆள், அவள் உக்காருங்க சார் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுவாள். "சிஸ்டர்!" தையல் பிய்ந்துவிடும்போல் இருக்கிறது. "சிஸ்டர்! சர்க்கரை இறங்குது! சிஸ்டர்!"

ரோஸ்லின் ஓடி வந்தாள். "என்னம்மா, என்ன பண்ணுது?" "ஊர் பேர் வரல." "எந்த ஊர்?" "அதான் வரலங்கறேன்." அவள் என் கையை எடுத்தாள். விரலைத் துடைத்தாள், குத்தினாள், ஒரு மணி ரத்தம் எழுந்தது, பட்டையில் உறிஞ்சிக்கொண்டது. மெஷின் எண்ணுகிற அந்த நேரம் இருக்கிறதே, நாலு வருஷமாக அதில் நான் எத்தனை தரம் செத்திருப்பேன். பீப் என்றது. "நூத்தி முப்பத்தெட்டு" என்றாள். நான் புரியாமல் பார்த்தேன். "நூத்தி முப்பத்தெட்டும்மா. சொட்டு இல்லாம, சாப்பாடு இல்லாம. நல்லாருக்கு." "அப்ப ஊர் பேர்?" அவள் சிரித்துவிட்டாள். "அது மறந்துபோச்சு உங்களுக்கு. எனக்குக்கூடத்தான் காலையில வண்டிச் சாவியை எங்க வச்சேன்னு தெரியல. எல்லாருக்கும் மறக்கும்மா." என் நெற்றியைத் துடைத்தாள். பயந்து கத்தினதில் வந்த வியர்வை. மறந்துபோச்சு. சும்மா மறந்துபோச்சு. சர்க்கரை இருக்கும்போதே, நான் இருக்கும்போதே, ஒரு பேர் தன்பாட்டுக்கு நழுவிப் போய்விட்டது, வேண்டும்போது வரும். இதெல்லாம் எல்லாருக்கும் உண்டு என்பதே எனக்கு மறந்துவிட்டது. என் ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் ஒரு எண் தேடித் தேடி, எண் இல்லாத தடுமாற்றம் ஒன்று இருக்கிறது என்று தெரியாமலே போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனாள். கீழச்சிவல்பட்டி. கதவை அவள் தாண்டும்போது வந்தது. கீழச்சிவல்பட்டி, கீழச்சிவல்பட்டி. கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

டாக்டர் வந்தார், பின்னால் நாலைந்து பேர். வயிற்றுக் கட்டை அமுக்கிப் பார்த்தார், குழாயில் வடிந்ததைப் பார்த்தார், சர்க்கரைக் கணக்கைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "கேட்க வேண்டியதைக் கேளுங்கம்மா" என்றார். "எல்லாத்தையும் எடுத்திட்டீங்களா?" அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. "கணையத்து வாலும் அதோட ஒட்டின மண்ணீரலும் எடுத்தாச்சு. பெரிய கட்டி அங்கதான் இருந்துச்சு. கல்லீரல்ல ஓரத்துல இருந்ததை எல்லாம் வெட்டி எடுத்தோம். ஆழத்துல இருந்ததை ஊசி விட்டுச் சுட்டோம். ரெண்டு மட்டும் விட்டுட்டோம். பெரிய ரத்தக் குழாயை ஒட்டி இருக்கு. கை வச்சா ஆபத்து." "அது இன்சுலின் சுரக்குமா?" "சுரக்கலாம். ஆனா முன்ன நூறு பேர் செஞ்ச வேலையை இனி ரெண்டு பேர் செய்யணும். ஊசி போடுவோம். தேவைப்பட்டா மறுபடி கதிர் மருந்து. இது அடியோட போயிருச்சுன்னு நான் சொல்லமாட்டேன்ம்மா. கூட இருக்கும். நாம பார்த்துக்கிட்டே இருப்போம்." நான் தலையாட்டினேன். "வெட்டி எடுத்த இடம்?" என்றேன். "கல்லீரலா? அது வளர்ந்துரும்" என்றார், அடுத்த பஸ் வந்துவிடும் என்பதுபோல. "இப்பவே வளர ஆரம்பிச்சிருக்கும்." எழுந்து போய்விட்டார். நான் வயிற்றின் வலது பக்கம் கையை வைத்துக்கொண்டு கிடந்தேன். கட்டுத்துணி, அதற்குக் கீழே தையல், அதற்கும் கீழே. இப்பவே. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, ஊர்ப் பேரை மறந்து, பயந்து கத்திக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. யாரும் சொல்லாமல். விதை போட்ட இடத்திலேயே, அந்த ரெண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே. ரெண்டு இருக்கிறது. இருக்கட்டும் என்று சொல்ல மனசு வரவில்லை, இருக்கிறது என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். சொல்ல முடிந்தது.

அப்புறம்தான் அது வந்தது. தையலுக்கு மேலே, விலா எலும்புகளுக்கு நடுவில், லேசாக ஒரு இழுப்பு. முதலில் வாயு என்று நினைத்தேன். பிறகு மறுபடி பயம், இதுவும் சர்க்கரை இறங்குவதில் ஒரு வகையோ. உதட்டைத் தொட்டேன், காய்ந்திருந்தது. சிமெண்டு வாசனை இல்லை, டெட்டால் வாசனைதான். தாத்தாவின் மெஷின் பக்கத்திலேயே கேட்டது. இழுப்பு போய்விட்டு வந்தது. நாக்கின் அடியில் எச்சில் ஊறியது. எங்கேயோ நடைபாதையில் யாருக்கோ டிபன் தட்டு போகிறது, சாம்பார். சாம்பாரில் பெருங்காயம் கொஞ்சம் தூக்கல். இதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று தெரிந்ததும் அசையாமல் கிடந்தேன். நாலு வருஷமாக நான் சாப்பிட்டதெல்லாம் மருந்து. பசிப்பதற்கு முன்னால் சாப்பிடு, பசித்தால் தாமதம், பசித்தால் ஆபத்து. தட்டைக் கண்டாலே ஆபீஸ் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடச் சொல்கிற மாதிரி இருக்கும். உடம்பு ஊதி, முகம் மாறி, பழைய ரவிக்கையெல்லாம் யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. ஆனால் பசி என்று ஒன்று இருந்ததே. வேலை முடிந்து மாடிப்படி இறங்கும்போது வயிற்றைக் கிள்ளுமே. அதுதான் இது. நான் கூப்பிடாமலே வந்திருக்கிறது.

பார்க்கிற நேரத்துக்கு வைரவனை உள்ளே விட்டார்கள். பச்சைக் கவுனை முன்பின் மாற்றிப் போட்டிருந்தார், தலையில் தொப்பி, கம்பத்தில் ஏறுகிற ஆள் மாதிரியே இல்லை. கட்டில் பக்கம் வந்து நின்று சொட்டுப் பாட்டிலைப் பார்த்தார், நின்றிருப்பதைப் பார்த்தார், முகம் வெளுத்தது. "என்ன இது, நிக்குது?" "நிறுத்திட்டாங்க. காலையிலயே." "காலையிலேயா?" என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார், சோதிக்கிற பார்வை. "நான் யாரு, சொல்லு." "ஆமா, ஈ.பி. ஆபீசர்." அவர் சிரிக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என்னங்க" என்றேன். "பசிக்குது." திரும்பி, "சிஸ்டர்!" என்று வார்டே அதிரக் கூப்பிட்டார். ரோஸ்லின் அங்கிருந்தே, "வெறும் பசிதான் சார். இப்பத்தான் பார்த்தேன், நூத்தி நாப்பது. இன்னைக்குத் தண்ணிதான் ஒவ்வொரு வாயாக் குடுப்போம், நாளைக்குக் கஞ்சி" என்றாள்.  அவர் தொப்பிக்குள் கையை விட்டுத் தலையைச் சொறிந்தார். அப்புறம் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "பசிக்குதாமே" என்று தரையைப் பார்த்துச் சொன்னார், யாருக்கோ சொல்வதுபோல. "பசிக்குதாம்."

"நீங்க சாப்டீங்களா?" என்றேன். "ஆச்சு." "எங்க?" "எதிர்த்த மெஸ்ஸுல." "என்ன சாப்டீங்க?" "என்னத்தையோ சாப்ட்டேன், இப்ப அதுவா முக்கியம்?" "அதுதான் முக்கியம். சொல்லுங்க." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது.  "பொங்கல்" என்றார். "மிளகை உடைக்காம முழுசா போட்டிருந்தான். நெய் பரவாயில்ல. சாம்பார் கொஞ்சம் தண்ணி. சட்னி ரெண்டு வகை, ஒண்ணு காரம், ஒண்ணு..." "அவசரப்படாதீங்க" என்றேன். "பொங்கல் குழைவா இருந்துச்சா, உதிரியா?"